குளமும் கொட்டிலும்: ஊரே நடத்தும் முன்பள்ளி என்றால் என்ன?

கச்சான் பிடுங்கும் நாட்களில் முல்லைத்தீவுப் பக்கத் தோட்டம் ஒன்றுக்குப் போனால் இந்தக் காட்சியைக் காணலாம். வேலியோரத்துப் பாலை மர நிழலில் ஓர் உரப்பை விரித்திருக்கும். அதன்மேல் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று. பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் பொதி. தாய் நிரையில் குனிந்து செடியைப் பிடுங்கியபடி இடைக்கிடை நிமிர்ந்து பார்ப்பாள். சில வேளை காவலுக்கு எட்டு வயது அக்கா இருப்பாள். அவள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. பிள்ளை அழவில்லை, பசியோடும் இல்லை. ஆனால் காலை எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை அதனோடு யாரும் இருந்து பேசவில்லை. அந்த நான்கு மணி நேரத்தை ஓர் ஊர் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முன்பள்ளி, பாலர் பாடசாலை, நேர்சரி, மொண்டிசூரி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பொருள் ஒன்றுதான். மூன்று வயது முடிந்த பிள்ளைகள் முதலாம் தரத்துக்குப் போகும் வரை நாளுக்குச் சில மணி நேரம் கூடி இருந்து, விளையாடி, பேசி, உண்டு, பழகும் இடம். இலங்கையில் கட்டாயக் கல்வி 5 வயதில் தொடங்குகிறது. 2016 முதல் அது 16 வயது வரை நீள்கிறது. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளைக்கு அரசு பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தாக வேண்டும். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்கு அப்படியான கட்டாயம் எதுவும் இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பார்வைக்குள் வந்தன. ஆனால் மேற்பார்வை செய்வது வேறு, நடத்துவது வேறு. நடத்துகிறவர்கள் பலர்: பிரதேச சபை, கோயில், தேவாலயம், தொண்டு நிறுவனம், தனியார். இவை எதுவும் எட்டாத இடத்தில் ஊர்ச் சங்கம் நடத்துகிறது.

வன்னியில் எட்டாத இடங்கள் அதிகம். ஏ-9 வீதியோரம் இருக்கும் பிள்ளைக்கு நடக்கும் தூரத்திலேயே இரண்டு மூன்று முன்பள்ளிகள் இருக்கக்கூடும். துணுக்காய்ப் பக்கமோ மடுப் பக்கமோ உள்ளே போய்விட்டால், குளத்துக்குக் குளம் ஒரு குடியிருப்பு, இடையில் காடு. பஸ் நாளைக்கு இரண்டு தரம் வந்தால் பெரிது. மூன்று வயதுப் பிள்ளையை ஐந்து கிலோமீற்றர் சைக்கிளில் ஏற்றிப்போய் விட்டு, பதினொன்றரைக்கு மறுபடி போய் ஏற்றி வர எந்தத் தாய்க்கு நேரம் இருக்கிறது? மற்றப் பாடசாலைகளுக்குப் பிள்ளை போகும். முன்பள்ளி மட்டும் பிள்ளையிடம் வரவேண்டும். அதனால்தான் ஊர் தானே நடத்துவது என்ற எண்ணம் இங்கே பிறந்தது.

இதை விளங்கிக்கொள்ள வன்னியாருக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது: குளம். அணையைக் கட்டி முடித்ததும் குளத்து வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு காலபோகத்துக்கும் முன்னால் வாய்க்கால் துப்புரவாக்க வேண்டும், அணைக்கட்டில் முளைத்த பற்றையை வெட்ட வேண்டும், துருசு இறுகிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் பங்கிட ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் வட்ட விதானை அந்த வேலையைப் பார்த்தார். ஊர் அவருக்குச் சூட்டுக் களத்திலேயே நெல்லில் பங்கு அளந்து கொடுத்தது. ஊர் முன்பள்ளியும் இப்படியானதுதான். கொட்டில் போடுவது ஒரு கிழமை வேலை. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் ஒரு ஆசிரியையை அங்கே நிலைக்க வைப்பதுதான் உண்மையான வேலை. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஏன் மூன்று வயதிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. "நாங்கள் எல்லாம் மண்ணில் விளையாடித்தான் வளர்ந்தோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியான பேச்சு. ஆனால் அவர்கள் வளர்ந்த முற்றத்தில் ஆச்சி இருந்தாள், சித்தி இருந்தாள், அயலில் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். நாள் முழுக்க யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். குழந்தையின் மூளை ஐந்து வயதுக்குள் பெரியவர் மூளையின் பருமனில் ஏறக்குறைய 90 வீதத்தை எட்டிவிடுகிறது. உடம்பின் வேறெந்தப் பகுதியும் இத்தனை விரைவாக வளர்வதில்லை. அந்த வளர்ச்சிக்குச் சோறு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குப் பேச்சும் தேவை. பிள்ளை ஏதோ காட்டுகிறது. பெரியவர் "ஓம், அது மீன்கொத்தி, குளத்துக்குப் போகிறது" என்கிறார். பிள்ளை மறுபடி ஏதோ சொல்கிறது. பந்தை எறிந்து எறிந்து பிடிப்பதுபோல நடக்கும் இந்தப் பரிமாற்றத்தில்தான் மூளைக்குள் இணைப்புகள் உறுதிப்படுகின்றன. பதில் சொல்ல ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்த இணைப்புகள் தளர்ந்துபோகின்றன.

ஜமேக்காவில் செய்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1980களின் நடுப்பகுதியில் அந்நாட்டின் தலைநகர் கிங்ஸ்ரனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்குக் கிழமைக்கு ஒருமுறை சுகாதாரத் தொண்டர் ஒருவர் போவார். ஒரு மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் இருந்து, கையால் செய்த விளையாட்டுப் பொருட்களை வைத்துப் பேசவும் விளையாடவும் பழக்குவார். இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப்போய்ப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சுமார் 25 வீதம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கட்டடமும் இல்லை, விலையுயர்ந்த சாமானும் இல்லை. கிழமை தவறாமல் வந்த ஒரு மனிதரும் சில விளையாட்டுப் பொருட்களும்தான்.

வன்னிக்கு இதில் தனிப்பட்ட ஒரு காரணமும் உண்டு. இன்றைக்கு மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் தாய் தகப்பன் பலர், போர் முடிந்த 2009 மே மாதத்தில் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி மாறி, பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கூடாரத்தில் இருந்தவர்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. அவர்களிற் பலருக்குத் தாலாட்டும் கதையும் சொல்லித்தந்திருக்க வேண்டிய ஆச்சி அப்பு இல்லாமற் போய்விட்டார்கள். ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குக் கைமாற்றும் குழந்தை வளர்ப்பு அங்கே அறுந்தது. ஒரு கூட்டத்தில் இளந்தாய் ஒருத்தி, "பிள்ளையோடு விளையாடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது அக்கா, எங்களோடு ஒருவரும் விளையாடவில்லை" என்று சொன்னாள். அன்றிலிருந்து முன்பள்ளியைப் பிள்ளைகளுக்கான இடமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. தாய்மாரும் வந்து அமர்ந்து கற்றுக்கொள்ளும் இடமாக அது இருக்க வேண்டும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கும்? புதிதாகச் சேர்க்கும் பெற்றோர் எதிர்பார்ப்பது கொப்பியும் பென்சிலும். இரண்டாம் மாதமே "எங்கள் பிள்ளைக்கு இன்னும் 'அ' எழுதத் தெரியவில்லையே" என்ற முறைப்பாடு வந்துவிடும். இங்கே கொஞ்சம் நின்று விளங்கிக்கொள்ள வேண்டும். பெரியவர் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு அவற்றிற் பல இன்னும் எலும்பாகவே உருவாகவில்லை. மெல்லிய குருத்தெலும்பாக இருக்கின்றன. அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது, நாற்றைப் பிடித்து இழுத்தால் கதிர் வரும் என்று நினைப்பது போன்றது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது நம் முன்னோர் என்ன செய்தார்கள்? பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்தார்கள். விரலும் அரிசியும்தான் அந்த வயதுக்குச் சரியான எழுதுகருவி. ஏடு தொடக்கிய மறுநாளே பென்சிலைக் கொடுத்தது நாம் செய்த தவறு.

எழுத்துக்கு முன்னால் கை பழக வேண்டும். புளியங்கொட்டையையும் மஞ்சாடி விதையையும் கலந்து வைத்து, வேறு வேறு சிரட்டையில் பிரிக்கச் சொல்லுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு விதையைக் கிள்ளியெடுக்கும் அதே பிடிதான் பின்னாளில் பென்சிலைப் பிடிக்கும். அதே வேளையில் நிறம் பிரிகிறது, எண்ணிக்கை வருகிறது, பக்கத்துப் பிள்ளையோடு "இது என்னுடையது, அது உன்னுடையது" என்ற வழக்கும் தீர்கிறது. ஈரமண்ணில் புட்டு அவிப்பது, குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் செய்வது, பனையோலையில் காற்றாடி மடிப்பது எல்லாம் இந்த வகைதான். பெரிய பிள்ளைகளின் கொக்கான் விளையாட்டைச் சற்றுப் பெரிய கல்லை வைத்துச் சின்னவர்களுக்கு ஏற்றபடி மாற்றலாம். ஒன்று மட்டும் கவனம்: குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கடுமையான நஞ்சு. அது கொட்டிலுக்குள் வரவே கூடாது. சின்ன விதைகளை வாய்க்குள், மூக்குக்குள் வைக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே விதை விளையாட்டின்போது ஆசிரியை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மொண்டிசூரி என்ற சொல் நம்மூரில் முன்பள்ளிக்கே பெயராகிவிட்டது. அது ஓர் இத்தாலியப் பெண் மருத்துவரின் பெயர். மரியா மொண்டிசூரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்துத் திரிந்த பிள்ளைகளுக்காகத் தன் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வசதி படைத்தவர்களின் பள்ளி என்று இன்றைக்கு நாம் நினைக்கும் அந்தப் பெயர், வேலைக்குப் போன ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளிடம்தான் தொடங்கியது. பிள்ளைக்கு உயரமான மேசை கதிரை போட்டு அடக்கி இருத்தாமல், பிள்ளையின் உயரத்துக்கு எல்லாவற்றையும் இறக்கி வைத்தது அவர் செய்த பெரிய காரியங்களில் ஒன்று. தண்ணீர் குவளை, கை துடைக்கும் துண்டு, விளையாட்டுப் பொருள் எல்லாம் பிள்ளை தானாக எடுத்துத் தானாக வைக்கும் உயரத்தில் இருந்தால், ஆசிரியையின் வேலையிற் பாதி குறையும்.

ஒரு நாள் எப்படி ஓடும் என்று சொல்கிறேன். எட்டு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். செருப்பைக் கழற்றி நிரையில் வைப்பதே முதற் பாடம். வட்டமாக இருந்து, வந்தவர் யார், வராதவர் யார், நேற்று இரவு வீட்டில் என்ன நடந்தது என்று கதைப்பார்கள். யானை வந்து வாழையை முறித்ததை ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கினால், அன்றைய பாடம் யானைதான்; ஆசிரியை தான் ஆயத்தம் செய்த பாடத்தை ஓரமாக வைத்துவிட வேண்டும். பிறகு வெளியே ஓட்டம், ஊஞ்சல், மண். ஒன்பதரைக்குக் கை கழுவிச் சாப்பாடு. அதன்பின் அமைதியான கைவேலை, கதை, பாட்டு. பதினொன்றரைக்கு வீடு. இவ்வளவுதான். நேரசூசியை அச்சடித்துச் சுவரில் ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒழுங்கு நாளுக்கு நாள் மாறக்கூடாது, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளை பயப்படாது.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் தேநீரும் பிஸ்கட்டும் குடித்துவிட்டு வரும் பிள்ளை பத்து மணிக்குச் சோர்ந்துவிடும். அவித்த பயறு, கௌபி, கச்சான், குரக்கன் மா, முருங்கையிலை போட்ட இலைக்கஞ்சி எல்லாம் நம் தோட்டத்திலேயே இருக்கின்றன. கடையில் வாங்கும் பொதியை விட்டுவிட்டு, தாய்மார் முறை வைத்து ஆளுக்கொரு நாள் சமைத்துக்கொடுக்கும் ஊர்களில் பிள்ளைகளின் நிறை ஏறுவது கண்கூடு. ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் மாதமொருமுறை முன்பள்ளியிலேயே நிறை பார்க்க வழிசெய்யலாம். எல்லாப் பிள்ளைகளையும் ஒருமிக்கப் பார்க்கும்போது வேறு சில விடயங்களும் வெளிப்படும். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று முதலில் கவனிப்பவர் அநேகமாக முன்பள்ளி ஆசிரியைதான். அந்தப் பிள்ளையை நான்கு வயதில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்கும் எட்டு வயதில் "மக்கு" என்று பெயர் சூட்டியபின் கொண்டுபோவதற்கும் இடையில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது.

இனி, ஓர் ஊர் இதை எப்படித் தொடங்குவது? முதலில் எண்ணிக்கை எடுங்கள். கிராம அலுவலரிடம் குடும்ப விபரம் இருக்கும். குடும்பநல உத்தியோகத்தரிடம் இன்னும் துல்லியமான கணக்கு இருக்கும், ஏனென்றால் ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அவருடைய பதிவில் உண்டு. இரண்டு வயதில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். அவர்கள்தான் அடுத்த ஆண்டுப் பிள்ளைகள். பதினைந்துக்கு மேல் தேறினால் ஓர் ஆசிரியையும் ஓர் உதவியாளரும் தேவை என்பது என் அனுபவக் கணக்கு. பத்துப் பேர் மட்டும்தான் என்றால் பக்கத்துக் குடியிருப்போடு சேர்ந்து இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடுங்கள்.

அடுத்தது கூட்டம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, சனசமூக நிலையம், கரையோர ஊரென்றால் கடற்றொழிலாளர் சங்கம் எல்லோரும் வரவேண்டும். ஆனால் முன்பள்ளிக் குழுவில் பெரும்பான்மை சின்னப் பிள்ளைகளின் தாய்மாராக இருக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் தலைமை தாங்கலாம். நாளாந்தக் காரியத்தைப் பார்க்கப்போவது தாய்மார்தான். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்தால் சமைக்கும் நேரம் என்று பெண்கள் வரமாட்டார்கள். ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு வைத்தால் வருவார்கள். இந்தச் சின்ன விடயத்தைக் கவனிக்காமல், ஆண்கள் மட்டும் கூடித் தீர்மானித்து, பிறகு பிள்ளைகள் வரவில்லை என்று குறைபட்ட ஊரும் எனக்குத் தெரியும்.

பிறகு காணி. இதில் அவசரப்படாதீர்கள். நல்லெண்ணத்தோடு ஒருவர் தன் வளவில் ஒரு துண்டைக் காட்டி "இதில் போடுங்கள்" என்பார். பத்து ஆண்டு கழித்து மகளுக்குச் சீதனம் கொடுக்க அந்தத் துண்டு தேவைப்படும். அப்போது மனஸ்தாபம் வரும். பொதுக் காணியோ கோயில் காணியோ சனசமூக நிலையத்து வளவோ இருந்தால் அதுவே மேல். எதுவானாலும் பிரதேச செயலகத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அங்கே முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். வலயக் கல்விப் பணிமனையிலும் முன்பள்ளிகளைப் பார்ப்பவர் இருப்பார். இந்த இருவரையும் கொட்டில் போடுமுன்பே சந்தித்துப் பதிவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வைத்தால் பின்னால் அலைச்சல் குறையும். பதிவு இல்லாத முன்பள்ளிக்குக் கொடுப்பனவும் பயிற்சியும் எட்டாது.

கட்டடம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அரைச்சுவர், கிடுகு அல்லது ஓடு, உயரமான சீமெந்துத் தளம் போதும். தகரக் கூரை போட்டால் பங்குனி சித்திரையில் உள்ளே இருக்க முடியாது. போட்டே ஆகவேண்டுமென்றால் மேலே கிடுகு பரப்புங்கள். கார்த்திகை மார்கழி மழையில் வெள்ளம் நிற்காத மேட்டு நிலமாக இருக்க வேண்டும். கிணற்றுக்குக் கட்டும் மூடியும் கட்டாயம். பிள்ளைகளின் அளவுக்கு ஒரு மலசலகூடம் வேண்டும். பெரியவர்களின் குழியைக் கண்டு பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சுற்றி முள்வேலி போடாமல் கிளுவைக் கதியால் நடுங்கள். வாசலில் படிக்குப் பதிலாக ஒரு சாய்தளம் இருந்தால், நடக்க முடியாத பிள்ளையும் வரும், காலை இழந்த தகப்பனும் வந்து ஏற்றிப் போவார். வெடிபொருள் பயம் இன்னும் தீராத இடங்களில் புதிதாகக் காடு வெட்டி இடம் எடுக்க வேண்டாம். முன்பே ஆட்கள் நடமாடிய நிலத்தைத் தெரிவு செய்யுங்கள்.

போரின் சிதைவிலிருந்து ஊரே பள்ளி கட்டியதற்கு இத்தாலியில் புகழ்பெற்ற ஓர் உதாரணம் இருக்கிறது. 1945 வசந்த காலத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்த சில நாட்களில், ரெஜியோ எமிலியா நகருக்கு அருகே வில்லா செல்லா என்ற சிற்றூரின் மக்கள் கூடி, ஜேர்மன் படைகள் கைவிட்டுப்போன ஒரு போர்த்தாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்றார்கள். அந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவதென்று தீர்மானித்தார்கள். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல்லைப் பொறுக்கினார்கள், ஆற்றில் மணல் அள்ளினார்கள், விடுமுறை நாளிலும் இரவிலும் தாங்களே வேலை செய்தார்கள். லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் செய்தி கேட்டுச் சைக்கிளில் பார்க்கப் போனார். தன் வாழ்நாள் முழுவதையும் அந்தப் பள்ளிகளுக்கே கொடுத்தார். இன்றைக்கு உலகெங்கும் இருந்து ஆசிரியர்கள் ரெஜியோ எமிலியாவுக்குக் கற்கப் போகிறார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் ஏ-9 வீதியோரம் துருப்பிடித்துக் கிடந்த இரும்புகளை நினைப்பேன். நம் ஊர்களுக்கும் அந்த மக்களுக்கும் ஒரே நிலைமைதான் இருந்தது. ஆனால் அவர்களுக்குக் கட்டடத்தைத் தாண்டி இன்னொன்றும் வாய்த்தது. போகாமல் தங்கிய ஆசிரியர்கள்.

மீள்குடியேற்றக் காலத்தில் வன்னிக்குக் கட்டடங்கள் வந்தன. நன்கொடையாளர் பெயர் பொறித்த கல், நீலமும் மஞ்சளுமாகச் சுவர், சறுக்கி, ஊஞ்சல். கொடுத்தவர்களின் நல்ல மனதை நான் மதிக்கிறேன். ஆனால் திட்டத்தின் காலம் முடிந்து நிறுவனம் வெளியேறியதும் ஆசிரியைக்குச் சம்பளம் நின்றது. அவள் ஆறு மாதம் பொறுத்தாள். பிறகு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். அப்படிப் பூட்டிக் கிடந்த முன்பள்ளி ஒன்றின் யன்னல் வழியே பார்த்தேன். சுவரில் யாரோ வரைந்த மயில், கரும்பலகையில் பாதி அழிந்த 'ஈ'. அதற்கும் முன்னால் அதே ஊரில் கிடுகுக் கொட்டிலில் நடந்த பள்ளி மூடப்படாமல் இருந்தது என்று ஊரார் சொன்னார்கள்.

ஆகவே பணத்தைப் பேசுவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் போருக்குப் பிறகு நூற்றுக்கணக்கான முன்பள்ளி ஆசிரியைகள், அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் சேர்க்கப்பட்டு ஊதியம் பெற்றார்கள். மாகாணம் கொடுத்த சிறு கொடுப்பனவைவிட அந்த ஊதியம் மிகப் பெரிது. வீட்டில் அடுப்பெரிய வேண்டிய ஒரு பெண் அதை ஏற்றுக்கொண்டதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சின்னப் பிள்ளைகளின் கல்வி கல்வித் துறையின் கையில்தான் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அந்த ஊதியத்தைக் கல்வித் துறையே கொடுக்க வேண்டும் என்பதும் அதே அளவு நியாயமானது.

அது நடக்கும் வரை ஊர் என்ன செய்யலாம்? ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கிறேன். 22 பிள்ளைகள், குடும்பத்துக்கு மாதம் 600 ரூபாய் என்றால் 13,200 ரூபாய். கமக்காரர் அமைப்பில் 80 குடும்பங்கள் இருந்து, காலபோக அறுவடையில் ஆளுக்கு ஒரு புசல் நெல் கொடுத்தால், புசல் சுமார் 20 கிலோ, மொத்தம் 1,600 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் 160,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 13,000 ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 26,500. ஆசிரியை, உதவியாளர் என்ற இரண்டு பெண்களுக்கு இது போதாது என்பதை ஒளிக்கப் போவதில்லை. ஆனால் பதிவின் மூலம் கிடைக்கும் கொடுப்பனவோடு சேரும்போது அவர்கள் ஊரிலேயே இருக்கலாம் என்ற நிலை வரும். முக்கியமானது, அது மாதம் தவறாமல் கையில் கிடைப்பது. நெல்லை விற்ற பணத்தைச் சங்கக் கணக்கில் போட்டு, இருவர் கையெழுத்தில் மாதா மாதம் எடுங்கள். பிள்ளை இல்லாத வீடும் புசல் நெல் கொடுக்க வேண்டுமா என்று கூட்டத்தில் கேள்வி வரும். வட்ட விதானைக்கு நெல் அளந்தபோது, "இந்தப் போகம் என் வயலுக்குத் தண்ணீர் குறைவு" என்று யாரும் விலகி நின்றதில்லை என்று அப்போது நினைவூட்டுங்கள். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையை ஒருநாளும் திருப்பி அனுப்பக்கூடாது. அந்தத் தாய் சமையல் முறையை இரண்டு தரம் எடுக்கட்டும்.

ஆசிரியையை எங்கே தேடுவது? ஊருக்குள்ளேயே. சாதாரண தரமோ உயர்தரமோ படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படிப்பைவிட முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளைகள் அவளிடம் தாமாகப் போகிறார்களா என்பதை. பயிற்சியைப் பிறகு கொடுக்கலாம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்வியில் சான்றிதழ்க் கற்கை நடத்துகிறது, மாகாணக் கல்வித் துறையும் பயிற்சிகள் வைக்கிறது. அந்தக் கட்டணத்தையும் பஸ் செலவையும் ஊர் ஏற்றுக்கொண்டால் அவளும் ஊரை விடமாட்டாள். வெளியிலிருந்து வரும் ஆசிரியை மழைக்கு வரமாட்டாள், யானை நின்றால் வரமாட்டாள், கலியாணம் முடிந்தால் வரவே மாட்டாள். இன்னொன்று, மொழி. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தர்மபுரம் போன்ற இடங்களில் நிறைய உண்டு. அவர்கள் வீட்டுத் தமிழுக்கும் யாழ்ப்பாணத் தமிழுக்கும் வித்தியாசம் உண்டு. "அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்" என்று மூன்று வயதில் திருத்தினால் அந்தப் பிள்ளை பேசாமலே இருந்துவிடும். வீட்டில் பேசுவதுபோலவே பேச விடுங்கள்; மற்றதைக் கேட்டுக் கேட்டுத் தானாகப் பழகும்.

முதல் நாளைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். முதல் இரண்டு கிழமை தாயோ ஆச்சியோ கொட்டிலுக்குள்ளேயே ஒரு மூலையில் பாயில் இருக்கட்டும். பிள்ளை விளையாடப் போகும், ஓடிவந்து மடியைத் தொட்டுவிட்டு மறுபடி போகும். மெல்ல மெல்ல அந்தப் போய்வரும் தூரம் கூடும். பிறகு விட்டுப் போகும் நாளில், பிள்ளை வேறு பக்கம் பார்க்கும் நேரம் பார்த்து ஒளிந்து போய்விடாதீர்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அழுகையைத் தவிர்ப்பதற்காக. சொல்லாமற் போனவர்களுக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று வன்னியில் எல்லா வீட்டுக்கும் தெரியும். குனிந்து, பிள்ளையின் கண்ணைப் பார்த்து, "அம்மா தோட்டத்துக்குப் போகிறேன், நீ கஞ்சி குடித்து, கதை கேட்டு முடிய வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழுதால் அழட்டும், ஆசிரியை தூக்கிக்கொள்வாள். பதினொன்றரை என்று சொல்லியிருந்தால், பதினொன்றரைக்கே படலையில் வந்து நில்லுங்கள்.